எச்சில் படாத பல்

சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் கிணறு வெட்டிய குழிக்குள் எலும்புகள் தெரிகின்றன. நாங்கள் மூவரும் வெள்ளை அங்கியும் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு குழியோரம் நிற்கிறோம். பழைய காலத்துக் கொள்ளைநோய்க் கிருமியின் மரபணு பற்களுக்குள் மிஞ்சியிருக்கலாம். அதைத் தேடித்தான் வந்திருக்கிறோம். பக்கத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் கையைச் சேலையில் துடைத்தபடி என்னிடம் வருகிறார்.

"தம்பி, நீங்கள் மட்டும் மூடிக் கட்டிக்கொண்டு நிக்கிறீங்கள். அந்த வருத்தம் எங்களுக்குத் தொத்தாதோ?"

"இல்லை அக்கா, அது எப்பவோ செத்துப்போச்சு. எங்கட எச்சில்தான் பல்லில படக்கூடாது. பட்டால் எங்கட மரபணுவும் அதோட கலந்திடும்."

"செத்தவருக்கு எங்களால ஆபத்தோ?" அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். "எத்தினை வருசத்துப் பல்?"

"முந்நூறு இருக்கும்."

"ஆர் சொன்னது?"

குழுத் தலைவரைப் பார்க்கிறேன். அவர் தலை நிமிராமல் தூரிகையால் மண்ணைத் தட்டுகிறார். ஆய்வுகூடத்துக்கு இன்னும் ஒரு பல்கூடப் போகவில்லை. முந்நூறு என்பது நாங்களாகச் சொல்லிக்கொண்டிருப்பது.

"என்ர தம்பியைச் சண்டை நேரம் இந்தக் கரையில வச்சுத்தான் கூட்டிக்கொண்டு போனவங்கள். இன்னும் வரேல்லை."

குரல் உயரவில்லை. ஒரு அடி முன்னால் வந்து என் முன் வாயைத் திறந்து காட்டுகிறார்.

"என்ர எச்சிலை எடுங்கோ. முதல்ல அந்தப் பல்லோட பொருத்திப் பாருங்கோ. நோயைப் பிறகு தேடுங்கோ."