முறைநாள் கரண்டு

சுந்தரபாண்டிக்கு வயது ஐம்பத்திரண்டு. அதில் முப்பது வருஷத்தை டீசல் டேங்குக்குள் குச்சி விட்டுப் பார்த்தே கழித்தவர். முதலில் ஒரு டிராக்டர், அப்புறம் ஒரு டிப்பர், அப்புறம் இரண்டு ஜேசிபி. திருச்சுழிக்கு மேற்கே இருக்கும் அவர் ஊரிலிருந்து குமாரலிங்கபுரம் வரைக்கும் எங்கே மண் வேலை நடந்தாலும் அவர் வண்டி ஒன்று நிற்கும். வண்டி நிற்கிற இடத்தில் டீசல் திருட்டும் நடக்கும். காலையில் ஊற்றியது ஒன்று, சாயங்காலம் குச்சி காட்டுவது ஒன்று. கேட்டால் டிரைவர் குலசாமி மேல் சத்தியம் பண்ணுவார். சட்டை, துண்டு, சாப்பாட்டுத் தூக்கு எல்லாவற்றிலும் டீசல் வாடை. அந்த வாடையை வைத்தே ஆள் தெருமுனை திரும்பியாயிற்று என்று அவர் மனைவி முருகலட்சுமி உலை வைத்துவிடுவார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு சொகுசுக் கார் வாங்கும் ஆசை வந்தது. ஏன் வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. மதுரையில் ஒரு கல்யாண மண்டப வாசலில் கறுப்பாக ஒன்று வந்து நின்றது, கதவைச் சாத்தியபோது சத்தமே கேட்கவில்லை, அவ்வளவுதான். கையில் காசு இருந்தது. கடன் இல்லை. பிள்ளைகள் இரண்டும் செட்டிலாகிவிட்டன. இந்த வயதில் ஆசைப்படாமல் வேறு எப்போது ஆசைப்படுவது?

எந்தக் கம்பெனிக் கார் என்பது ஒரு வாரத்தில் முடிவாகிவிட்டது. எதில் ஓடுகிற கார் என்பதற்குத்தான் பதினோரு மாதம் பிடித்தது.

டிப்பர் ஓட்டும் ரத்தினம் டீசல் கட்சி. இழுவை டீசலுக்குத்தான், மைலேஜும் அதற்குத்தான், நம்ம ஊர் பங்க்கில் எந்நேரமும் கிடைக்கும் என்பது அவர் வாதம். ஆனால் இப்போது வருகிற பெரிய டீசல் கார்களில் புகையை வடிகட்ட ஒரு பில்டர் உண்டென்றும், ஊருக்குள்ளேயே பொடிநடையாக உருட்டிக்கொண்டிருந்தால் அது அடைத்துக்கொள்ளுமென்றும் ஷோரூமில் சொன்னார்கள். பெட்ரோல் வண்டி ஓட்ட வெண்ணெய் மாதிரி இருந்தது. லிட்டருக்கு ஒன்பதுதான் கொடுக்கும் என்றதும் வெண்ணெய் கசந்தது. போதாக்குறைக்கு எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றி ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஹைபிரிட் என்றால் இரண்டும் உண்டு என்றதும் ரத்தினம், ரெண்டு பொண்டாட்டிக்காரன் நிம்மதியா இருந்து பார்த்திருக்கீங்களா என்று கேட்டார். அதோடு ஹைபிரிட் கதை முடிந்தது.

மதுரை ஷோரூமில் இவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு தேவிபிரியாவிடம் இருந்தது. அருப்புக்கோட்டையில் தறிக்காரர் வீட்டுப் பெண். வீட்டில் தெலுங்கு பேசி, வெளியில் தமிழ் பேசி, ஷோரூமில் இங்கிலீஷ் பேசிப் பொறுமை பழகியவர். பேட்டரிக் கார் ஒரு சார்ஜுக்கு நானூறு கிலோமீட்டர் தாராளமாகப் போகும், ரோடு டாக்ஸ் கிடையாது, பேட்டரிக்கு எட்டு வருஷம் வாரண்டி, அருப்புக்கோட்டை நாலுவழிச் சாலையிலேயே வேகமாக ஏற்றுகிற சார்ஜர் இருக்கிறது என்று அவர் அடுக்கினார். சுந்தரபாண்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று விசாரித்தார்: கிணற்று மோட்டார் ரூம் கரண்டில் சார்ஜ் ஏறுமா?

ஏறும், ஆனால் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை சார் என்றார் தேவிபிரியா. இவர் காதில் முதல் சொல் மட்டும் விழுந்தது.

அறுபது லட்சம் கொடுத்து வாங்குகிறவருக்கு கரண்டு பில் ஒரு பொருட்டா என்று நீங்கள் கேட்கலாம். பொருட்டுதான். முப்பது வருஷம் டீசலில் ஏமாந்தவருக்கு, திருடவே முடியாத, குச்சி விட்டுப் பார்க்கத் தேவையில்லாத, அதுவும் இலவசமான ஒரு எரிபொருள் என்றால் சும்மாவா? பதினோரு மாதக் குழப்பம் அந்த ஒரு வினாடியில் தீர்ந்தது. ஆவணியில் கார் வந்து இறங்கியது.

மோட்டார் ரூம் விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிணறு ஒன்று, பங்கு இரண்டு. சுந்தரபாண்டிக்கு ஒன்று, இறந்துபோன அவர் அண்ணன் நல்லமுத்துவுக்கு ஒன்று. அண்ணன் பங்கை இப்போது மதினி சந்தனம்மாள் பார்க்கிறார். மூன்று நாள் இவர் முறை, மூன்று நாள் அவர் முறை. ஒருவர் முறையில் மற்றவர் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடக்கூடாது. இது எழுதி வைத்ததில்லை. ஆனாலும் ஊரில் பங்குக் கிணறு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். இலவச விவசாய இணைப்பு நல்லமுத்து பெயரில் இருந்தது. எழுதிப் போட்டுப் பதினாலு வருஷம் காத்திருந்து வாங்கியது.

சுந்தரபாண்டி விவசாயத்தை விட்டு வெகுநாளாகிறது. அவர் பங்கு நிலத்தில் கருவேலம் முளைத்துக் கிடந்தது. சந்தனம்மாளுக்கோ அந்த ரெண்டு ஏக்கர் மிளகாய்தான் வருஷச் சாப்பாடு. பாளையம்பட்டியிலிருந்து வந்து சார்ஜர் மாட்டிக்கொடுத்த பாலமணிகண்டன், இது வெவசாய லைனு அண்ணே, மாட்டினா வம்பு என்று இரண்டு தடவை சொன்னார். என் முறையில் என் பங்கு கரண்டை நான் தண்ணியாகவும் எடுப்பேன், காராகவும் எடுப்பேன் என்றார் இவர். முறை என்பது தண்ணீருக்கு மட்டுந்தான், கரண்டுக்குப் பங்கு கிடையாது என்பது இவர் புத்தியில் ஏறவே இல்லை. மோட்டார் ஓடும்போது காரையும் சார்ஜில் மாட்டினால் பீஸ் போனது. அதனால் கார் மாட்டினால் மோட்டார் நிற்கும். தன் முறையில் நிற்கிறது, யாருக்கு என்ன நஷ்டம்?

ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகையிலும் விடவில்லை. செடிக்குத் தண்ணீர் தேவைப்படாததால் மதினியின் முறைநாள் சும்மா கிடந்தது. முதல் தடவை கேட்டுத்தான் மாட்டினார். இரண்டாம் தடவை மாட்டிவிட்டுச் சொன்னார். மூன்றாம் தடவையிலிருந்து சொல்லவுமில்லை. மழை நின்றது. மார்கழி போய்த் தை வந்தது, மிளகாய் பூவெடுத்தது. பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

தை இரண்டாம் வாரம், மதினி முறை. காலையிலேயே காரை மாட்டிவிட்டு உள்ளே ஏசி போட்டு உட்கார்ந்திருந்தார் சுந்தரபாண்டி. சந்தனம்மாள் மம்பட்டியோடு வாய்க்கால் தலைப்பில் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் கோயம்புத்தூரில் ஒரு விசேஷம், மத்தியானத்துக்குள் எடுத்துவிடுவேன் என்று கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார். அந்த நேரத்தில்தான் மின்வாரிய ஜீப் வரப்போரம் வந்து நின்றது.

வந்தவர்கள் சத்தம் போடவில்லை. வயரைப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார் அதிகாரி. என் வீட்டுக்காரர் பேரில், அவர் தவறிவிட்டார் என்றார் சந்தனம்மாள்.

"வண்டி யாரோடது?"

சுந்தரபாண்டி போலீஸ் ஸ்டேஷனிலும் தாலுகா ஆபீசிலும் நின்று பேசிய மனுஷன்தான். காசு கொடுப்பதற்குப் பயந்தவருமில்லை. ஆனால் அந்த நேரம், கேட்டது யாரையோ என்பதுபோல ஜீப்பின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரந்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் சந்தனம்மாள் முந்திக்கொண்டார்.

"எங்க வீட்டு வண்டிதான் சார்."

எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். இணைப்பைத் துண்டித்துப் பீஸ் கேரியரை எடுத்துக்கொண்டு ஜீப் போயிற்று. சந்தனம்மாள் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பாத்தி பாத்தியாக நடந்து செடியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். நாலு வசவு வைதிருந்தால் சுந்தரபாண்டிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அபராதத்தை மறுநாளே கட்டினார். கட்டியதும் கரண்டு வந்துவிடும் என்று நினைத்தார். வரவில்லை. இணைப்பு இறந்தவர் பெயரில் இருக்கிறது, வாரிசுச் சான்று வேண்டும், பெயர் மாற்ற வேண்டும், பங்குதாரர் ஒப்புதல் வேண்டும் என்று ஆபீசில் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். எல்லாம் நியாயமாகத்தான் கேட்டார்கள். ஆனால் பூத்து நிற்கிற மிளகாய்க்கு ஆபீஸ் நியாயம் தெரியுமா? நாலாம் நாள் இலை துவண்டது. ஆறாம் நாள் பூ உதிர ஆரம்பித்தது.

ஜெனரேட்டர் வாடகைக்குத் தேடினார். தை முகூர்த்தம், அருப்புக்கோட்டையில் ஒன்றும் காலியில்லை. வீரசோழனில் ஒரு பழைய டீசல் எஞ்சின் இருக்கிறதென்று போனார். தண்ணீர் அறுபதடி ஆழத்தில் கிடக்கிற கிணற்றில் அது இழுக்காது என்று அவர்களே சொல்லி அனுப்பினார்கள். வரும் வழியில் காரை நிறுத்தி ஷோரூமுக்குப் போன் போட்டு, இந்தச் சனியனை எடுத்துக்கொண்டு, வந்த விலைக்கு விற்றுக்கொடுங்கள் என்று கத்தினார். தேவிபிரியா முழுவதையும் கேட்டார். பிறகு, சார், இந்தக் காரிலிருந்து கரண்டு வெளியேயும் எடுக்கலாம், டெலிவரி அன்றைக்கே நான் காட்டினேனே, நீங்கள்தான் கவனிக்கவில்லை என்றார்.

மறுநாள் பாலமணிகண்டன் வந்தார். கிணற்று மோட்டாரைக் கார் தாங்காது என்று ரெண்டு எச்பி மோட்டார் ஒன்றை மாட்டினால், அதையும் கார் உடனே மறுத்தது. ஒரு எச்பி நீர்மூழ்கி மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கிக் காரிலிருந்து வயர் இழுத்தார்கள். கட்டைவிரல் தண்டிக்குத் தண்ணீர் வந்தது. வாய்க்காலில் விட்டால் மண்ணே குடித்துவிடும் என்று ஹோஸ் பிடித்துச் செடிச் செடியாக ஊற்றினார்கள். ஹோஸைப் பிடித்தது சுந்தரபாண்டி. இருபது வருஷத்துக்குப் பிறகு மிளகாய்ப் பாத்தியில் இறங்கிய கால்.

அதற்கப்புறம் இதுதான் அவர் வேலை. சார்ஜ் தீர்ந்தால் அருப்புக்கோட்டை போய்க் காசு கொடுத்து ஏற்றுவார், திரும்பி வந்து கிணற்றடியில் நிறுத்தி மோட்டாரை மாட்டுவார். ஏசி போட்டால் பேட்டரி குறையும் என்று உள்ளே உட்காரமாட்டார். அறுபது லட்ச ரூபாய் வண்டி வெயிலில் நிற்க, அது தருகிற நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார். பார்க்கப் போனவர்கள் சிரித்தார்கள். உலகத்திலேயே விலை கூடின பம்பு செட்டு நம்ம ஊரில்தான் என்று ரத்தினம் போகிற இடமெல்லாம் சொல்லி வைத்தார். சுந்தரபாண்டிக்கு அந்தச் சிரிப்பு உறைக்கவில்லை. ஜீப் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் ஹோஸைப் பிடிக்கும்போதெல்லாம் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. அண்ணன் இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பார், அதோடு தீர்ந்திருக்கும் என்றும் தோன்றியது. சந்தனம்மாள் தினமும் வருவார், அடுத்த பாத்தியில் களை எடுப்பார், தூக்கில் கொண்டுவந்த கஞ்சியில் இவருக்கும் ஊற்றி வைப்பார். பேசமாட்டார்.

இருபத்திரண்டாம் நாள் இணைப்பு சந்தனம்மாள் பெயரில் வந்தது. மூன்றில் ஒரு பங்கு செடி போனது போனதுதான். மிச்சம் பிழைத்துக் காய்த்தது. பங்குனியில் வத்தல் காய்ந்து, முதல் மூட்டை கட்டியாயிற்று.

அன்று காலை பஸ் நிறுத்தத்தில் மூட்டையை வைத்துக்கொண்டு சந்தனம்மாள் நிற்பதைப் பார்த்துச் சுந்தரபாண்டி காரை நிறுத்தினார். இறங்கிப் போய் முன்பக்கக் கதவைத் திறந்துவிட்டு, ஏறுங்கள், அருப்புக்கோட்டைக்குத்தான் போகிறேன் என்றார். அன்றைக்கு அவருக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது.

சந்தனம்மாள் காரை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார். உள்ளே வெள்ளை சீட், அதன்மேல் இன்னும் பிரிக்காத பிளாஸ்டிக் உறை.

"மூட்டைய மட்டும் ஏத்திக்கங்க தம்பி. கமிஷன் கடையில எறக்கி வைங்க. நான் பஸ்ஸுல வாரேன்."

"இம்புட்டு எடம் இருக்கே மதினி."

"இருக்கத்தான் செய்யுது. ஆவணியில வண்டி வந்தன்னைக்கு ஊரையே ஏத்திக்கிட்டுக் கோயிலுக்குப் போனீங்களே, அன்னைக்கு வாசல்லதான் நின்னேன். கூப்புட்டிருந்தா ஏறியிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை, நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோலத்தான் சொன்னார். சுந்தரபாண்டி அந்த நாளை யோசித்துப் பார்த்தார். முருகலட்சுமி, சம்பந்தி வீட்டார், ரத்தினம், டிரைவர்கள், ஜேசிபி கிளீனர் வரைக்கும் ஏறி இறங்கியிருக்கிறார்கள். மதினி வாசலில் நின்றதே அவருக்கு ஞாபகமில்லை. ஐந்து மாதம் அந்த அம்மாள் கரண்டிலேயே ஓட்டியிருக்கிறார், ஒரு நாளும் ஏறச் சொன்னதில்லை.  அதற்குள் பஸ் வந்துவிட்டது.

சந்தனம்மாள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். சுந்தரபாண்டி மூட்டையைத் தூக்கி முன்சீட்டில் வைத்து, சாயாமலிருக்க பெல்ட்டையும் மாட்டினார். வத்தல் நெடியில் தும்மிக்கொண்டே, அருப்புக்கோட்டை வரைக்கும் பஸ்ஸை முந்தாமல் அதன் பின்னாலேயே போனார்.