மஞ்சள் துண்டு வெப்சைட்

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. என் அக்கா. அக்காவின் வீட்டுக்காரர், அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். தறி வாங்க அரக்கோணத்திலிருந்து வந்த வியாபாரி. கடைசியாக வந்தவர் கேபிள்காரர். எங்கள் வீட்டுக்கு வைஃபை லைன் இழுத்தவரும் அவர்தான்.

அன்றைக்குக் கிருத்திகை. கிருத்திகையில் எங்கள் தெருவில் தறி ஓடாது. அதனால் பேசினது எல்லாம் எல்லோர் காதிலும் விழுந்தது. தறி ஓடுகிற நாளாக இருந்தால் பாதி விழுந்திருக்காது.

விற்க இருந்தது இரண்டு விசைத்தறி. வீட்டின் பின்னால் ஷெட்டில் நிற்கிறது. அதில் நான் மஞ்சள் துண்டு நெய்கிறேன். காவடி எடுக்கிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு திருத்தணி மலை ஏறுகிற துண்டு. நூலுக்குச் சாயம் போடுவது மனைவி. நான் ஆறாவதோடு நின்றவன். வேறு வேலை தெரியாது. தறி போனால் யாரிடமாவது கூலிக்குத்தான் போக வேண்டும். இந்த வயதில்.

விற்கக் காரணம், வெப்சைட் செத்துப்போனது.

முன்னெல்லாம் துண்டை மலையடிவாரக் கடைகளுக்குத்தான் போடுவோம். கடைக்காரர் சொன்னதுதான் விலை. பிறகு ஊரடங்கு வந்தது. கோயிலை மூடினார்கள். கடையும் மூடியது. பாவாவுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அதுவும் போனது. அவரும் அக்காவும் இரண்டு பிள்ளைகளோடு வந்து எங்கள் மாடியில் இருந்தார்கள். வாடகை பேச்சே கிடையாது. அக்கா வீட்டுக்காரரிடம் யார் வாடகை கேட்பார்கள்.

சும்மா இருந்த நாளில் பாவா ஒரு வெப்சைட் செய்தார். ஷெட்டைப் படம் எடுத்தார். துண்டைப் படம் எடுத்தார். மனைவியைத் துண்டின் கரையைப் பிடிக்கச் சொல்லி அவள் கையைப் படம் எடுத்தார். அவள் கூச்சப்பட்டாள். நகத்தில் எப்போதும் மஞ்சள் சாயம் இருக்கும்.

“அதான்மா வேணும். கையில சாயம் கீதுன்னா துண்டு உண்மைன்னு அர்த்தம்,” என்றார்.

கீழே என் போன் நம்பரைப் போட்டார்.

“மச்சான், இனிமே கடைக்காரன்கிட்ட கை கட்டிகினு நிக்காத. ஜனம் உன்னைத் தேடிகினு வரும் பாரு.”

வந்தது. ஆவடியிலிருந்து கேட்டார்கள். தாம்பரத்திலிருந்து கேட்டார்கள். காவடிக் குழுக்காரர்கள் மொத்தமாகக் கேட்டார்கள். மனைவி எல்லோர் நம்பரையும் போனில் போட்டு வைத்தாள். துண்டு ஆவடி, துண்டு தாம்பரம், துண்டு குழு பெரியவர் என்று. கோயில் திறந்த பிறகும் நான் கடைகளுக்குப் போகவில்லை. அவர்கள் வேறு தறிக்காரர்களைப் பிடித்துக்கொண்டார்கள். எங்களுக்கு வெப்சைட் இருக்கிறதே என்று இருந்தேன்.

என் போனில் பேசுகிற ரீசார்ஜ் மட்டும்தான். மனைவி போனிலும் அப்படியே. அதுவும் பாவா சொன்ன யோசனை.

“வீட்ல வைஃபை ஓடிகினு கீது. அதுக்கு மேல நெட் பேக்கு எதுக்கு மச்சான், துட்டு தண்டம்.”

நான் வீட்டையும் ஷெட்டையும் விட்டுப் போகிற ஆள் இல்லை. சரி என்றேன்.

இந்த வருஷம் ஆடி பிறக்க ஒரு மாதம் இருக்கும்போது வெப்சைட் நின்றது. காலையில் தறியை ஓடவிட்டுப் போனை எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். பார்த்தேன். வட்டம் சுற்றியது. பிறகு வெள்ளைப் பக்கம் வந்தது. தளத்தை அடைய முடியவில்லை என்று எழுதியிருந்தது.

மாடிக்குப் போய்ப் பாவாவிடம் காட்டினேன். அவர் வைஃபை பெட்டியைப் பிடுங்கி மறுபடி சொருகினார். போனை அணைத்துப் போட்டார். பழசையெல்லாம் அழிக்க வேண்டும் என்று எதையோ அழித்தார். வேறு ஒரு பிரவுசரில் போட்டுப் பார்த்தார். எதிலும் வரவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். அவர் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. அதைப் பார்த்து எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

“சர்வர் போச்சு மச்சான். வெளிநாட்ல கீற கம்பெனி. மூடிட்டான்.”

“திரும்ப வராதா?”

“வரும். அதுக்குப் பெரிய செலவாவும். விடு, பாத்துக்கலாம்.”

ஆர்டர் நின்றது. ஆடிக் கிருத்திகைதான் எங்களுக்கு வருஷத்துச் சோறு. அந்த ஆடிக்கு ஒருவரும் கேட்கவில்லை. ஊர் முழுக்க மஞ்சளாக நடந்து போனார்கள். நெய்த துண்டு ஷெட்டில் அடுக்கிக் கிடந்தது. தினமும் காலையில் போனைத் திறந்து பார்த்தேன். வட்டம் சுற்றும். வெள்ளைப் பக்கம் வரும்.

வெளியில் யாரிடமும் கேட்கவில்லை. அது என் தப்பு. எங்கள் வீட்டில் அக்கா வீட்டுக்காரர் சொன்னால் சொன்னதுதான். இலையில் முதல் சோறு அவருக்கு. அவர் பார்த்த வேலையை இன்னொருத்தரைக் கூப்பிட்டுக் காட்டினால் அவர் முகத்தில் அடித்த மாதிரி.

ஆவணியில் ஒரு போன் வந்தது. ஆவடி அம்மா. முன்பே எங்களிடம் வாங்கினவர்.

“இன்னாங்க இது, ஆடிக்கு வாங்கின துண்டு ஒரு தண்ணிக்குத் தாங்கல. அவரு வெள்ளை வேட்டி பூரா மஞ்சளாப் போச்சு.”

“ஆடிக்கு எங்ககிட்ட யாரும் வாங்கலீங்களேம்மா.”

“உங்க வெப்சைட்லதான் வாங்கினேன். நல்லா இருக்குதுங்க நாயம்.” வைத்துவிட்டார்.

பாவாவிடம் சொன்னேன். சிரித்தார். “போன வருஷத்துத் துண்டா இருக்கும். இப்பதான் தொவைச்சிருப்பாங்க.”

நான் ஒப்புக்கொண்டேன். மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. “என் சாயம் போவாது,” என்றாள்.  இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தறியை விற்றுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். வியாபாரியைக் கூட்டி வந்தது பாவா. கிருத்திகை நாளில் வரச் சொன்னார். தறி நின்றிருக்கும், நிதானமாகப் பார்க்கலாம் என்றார்.

மனைவி முதல் நாள் சொன்னாள். “விக்கிறதுக்கு முன்ன ஒரு தரம் கேபிள்காரரக் கூப்ட்டுக் காட்டுங்க.”

“பாவா பாத்துட்டாரு.”

“அவரு பாத்துட்டாரு. நாம பாக்கல.”

நான் கூப்பிடவில்லை. அவளே கூப்பிட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

வியாபாரி ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். வாசலில் வண்டி நின்றது. கேபிள்காரர் தோளில் பையோடு வந்தார்.

“அண்ணி போன் பண்ணாங்க. ஏதோ வெப்சைட் வரலைன்னு.”

பாவா எழுந்தார். “அதெல்லாம் பாத்தாச்சுபா. சர்வர் போச்சு. நீ போ, இங்க பெரிய பேச்சு நடந்துகினு கீது.”

“வந்துட்டேன் சார். ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போறேன். லைன் கம்ப்ளைன்ட்னா என் பேருதான கெடும்.”

என் போனை வாங்கினார். வேறு வேறு பக்கம் திறந்தார். எல்லாம் வந்தது. எங்களது மட்டும் வரவில்லை. மனைவி போனில் போட்டார். வரவில்லை. அவர் போனை எங்கள் வைஃபையில் போட்டுப் பார்த்தார். அதிலும் வரவில்லை.

“நான்தான் சொன்னேனே,” என்றார் பாவா. “செத்துப்போன சைட்டு யாரு போன்ல வரும்?”

“ஆங், அதையும் பாத்துடலாம் சார்.” கேபிள்காரர் தன் போனில் வைஃபையை அணைத்தார். அவருடைய சொந்த நெட்டில் போட்டார்.

வந்தது.

மஞ்சளாக வந்தது. எங்கள் ஷெட். எங்கள் தறி. என் மனைவியின் கை.

வியாபாரி காபி டம்ளரோடு எட்டிப் பார்த்தார். “வந்துடுச்சே! நல்லாத்தான கீது.”

 கேபிள்காரர் கீழே தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் நம்பர் இருந்தது. என்னுடையது இல்லை.

“இது யாரு நம்பர்ண்ணா?”

எனக்கு அந்த நம்பர் மனப்பாடம். பாவா சென்னைக்குப் போய் ரயிலில் திரும்ப நேரமானால் அந்த நம்பருக்குத்தான் பேசுவேன்.

கேபிள்காரர் போனில் எதையோ நோண்டினார். வைஃபை பெட்டிக்குள் போக அவருக்கு ஒரு வழி இருக்கிறதாம். “உள்ள யாரோ பூந்து இந்த ஒரு சைட்டை மட்டும் நிறுத்தி வெச்சிருக்காங்கண்ணா. உங்க வீட்டு வைஃபைல மட்டும் வராது. ஊர்ல மத்த எல்லாருக்கும் வரும்.” பாவாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “எடுத்துட்டேன். இனிமே வரும்.” பையை எடுத்துக்கொண்டார். காசு கொடுக்கப் போனேன். வாங்காமல் போய்விட்டார்.

பாவா உட்கார்ந்தார். 

“உன் துண்டு வெலை ஜாஸ்தி மச்சான். வேற எடத்துல பாதி வெலைக்கு வருது. யாவாரம்னா அப்படித்தான்.”

“சாயம் போவுதாம்.”

“போனா போவுது. வருஷத்துக்கு ஒரு தரம் கட்றதுதான.”

மனைவி அப்போதுதான் பேசினாள். “என் கையைக் காட்டி விக்கிறீங்களே அண்ணா.”

அவர் என்னைப் பார்த்தார். “சைட்டு செஞ்சது நான். சைட்டுப் பேரைக் காசு குடுத்து வாங்கினது என் பேர்ல. வருஷா வருஷம் துட்டு கட்றதும் நான். நீ இன்னா செஞ்ச, துண்டு நெஞ்ச. அவ்ளோதான.”

“ஆமா. நெஞ்சேன்,” என்றேன்.

“சொன்னா நீ ஒத்துக்க மாட்ட. அதான் சொல்லல. உனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதான் வீட்ல தெரியாம வெச்சேன்.”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளத்தனம் இல்லை. எனக்கு நல்லது செய்த மாதிரிதான் சொன்னார்.

வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டார். “குடும்ப விசயம். நான் இன்னொரு நாள் வரேன்பா.”

“வர வேணாங்க. தறி விக்கல,” என்றேன்.

நான் பார்த்தது அக்காவை. மாடிப்படி ஓரம் நின்றிருந்தாள். அவள் போனில் நெட் பேக் உண்டு. சீரியல் பார்ப்பாள்.

“உனக்குத் தெரியுமாக்கா?”

“தெரியும்னா இன்னா பண்ணுவ? தெரியாதுன்னா இன்னா பண்ணுவ?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன். கேட்டேன்.”

“எனக்கும் ரெண்டு புள்ள கீதுடா,” என்றாள். மேலே போனாள்.

நான் தினமும் காலையில் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை அவள் மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள். சில நாள் “வந்துச்சாடா?” என்று கேட்டுமிருக்கிறாள். பாவா செய்ததைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை. இன்றைக்கும் ஆறவில்லை.

சண்டை போடவில்லை. அவர்கள் ஒரு மாதத்தில் ரயிலடிப் பக்கம் வீடு பார்த்துப் போனார்கள். சாமான் ஏற்றும்போது கட்டிலின் ஒரு பக்கத்தை நான்தான் பிடித்தேன். அவரால் தனியாக இறக்க முடியாது. போகும்போது அவர் “வரேன் மச்சான்” என்றார். நான் தலையை ஆட்டினேன்.

தன் கைப் படத்தை எடுத்துவிடச் சொல்லி மனைவி பாவாவிடம் ஆள் விட்டாள். எடுத்தார். இப்போது அந்த இடத்தில் வேறு யாரோ ஒரு பெண்ணின் கை இருக்கிறது. சுத்தமான கை.

கேபிள்காரர் சொல்லி ஒரு பெண் எங்களுக்குப் புதுப் பக்கம் செய்து கொடுத்தது. இந்த முறை வெப்சைட் பேரை வாங்கியது மனைவி பேரில். என் போனிலும் நெட் பேக் போட்டேன். ஆனால் புதுப் பக்கம் யாருக்குத் தெரியும்? ஜனம் பழையதைத்தான் தேடி வருகிறது. மலையடிவாரக் கடைகளுக்குப் போய்க் கேட்டேன். ஒரு கடைக்காரர் சிரித்தார். “இன்னாபா, கம்ப்யூட்டர் யாவாரம் முடிஞ்சிச்சா?” என்றார். துண்டு வாங்கவில்லை.

அதனால் போன் பண்ண வேண்டியதாயிற்று. மனைவி போட்டு வைத்த நம்பர்கள் நூற்றுக்கு மேல் இருந்தன. எனக்கு முன்பின் தெரியாதவர்களிடம் பேச வராது. ஆனாலும் பேசினேன். மத்தியானம் சாப்பிட்ட பிறகு தறியை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராகப் பேசினேன்.

“வணக்கங்க. திருத்தணி மஞ்சள் துண்டு. இப்ப ஓடற வெப்சைட் எங்களுது இல்லீங்க. எங்க பாவா வெச்சிருக்காரு. துண்டு நாங்க நெய்யறது இல்லீங்க.”

துண்டு தாம்பரம், “உங்க குடும்பச் சண்டைக்கு நாங்க இன்னாபா பண்றது?” என்றார். துண்டு குழு பெரியவர், “அவன் வெலை கம்மியா குடுக்கிறான். நீ குடுப்பியா?” என்றார். ஒருவர் நான்தான் ஏமாற்றுக்காரன் என்றார். போலீசில் சொல்வேன் என்றார். சிலர் முழுதும் கேட்காமலே வைத்தார்கள்.

ஆவடி அம்மாவிடம் மனைவி பேசினாள். “உங்க வீட்டு வேட்டி வீணானதுக்கு நாங்க காரணம் இல்லீங்கம்மா. இருந்தாலும் ஒரு துண்டு அனுப்பறேன். தண்ணில போட்டுப் பாருங்க.” அனுப்பினாள். பத்து நாள் கழித்து அந்த அம்மா ஒரு படம் அனுப்பினார். வாளித் தண்ணீரில் துண்டு கிடக்கிறது. தண்ணீர் தெளிவாக இருக்கிறது. மனைவி அதை என்னிடம் காட்டிவிட்டுச் சாயத் தொட்டிக்குப் போனாள்.

எல்லோரிடமும் பேசி முடிக்க ஐப்பசி ஆனது. இரண்டு தறியும் ஷெட்டிலேயே இருக்கிறது. அடுத்த ஆடிக்கு எங்களிடம்தான் வாங்குவோம் என்று வாயால் சொன்னவர்கள்:

ஒன்பது பேர்.