மச்சாளின் கப்பல்

ஒரு கார்ட்டூன் பார்ப்பதற்காகச் சேலை உடுத்திய ஒருவரை நான் அறிவேன். அவர் என் அண்ணாவின் மனைவி. எங்கள் வழக்கப்படி நான் அவரை மச்சாள் என்பேன். நாத்தனாரான என்னை அவரும் அப்படியே கூப்பிடுவார். ஓக்லாந்து நகரின் பக்குரங்கா பகுதியில் இருந்த எங்கள் வீட்டு வரவேற்பறையில், ஒரு ஞாயிறு மத்தியானம், சாம்பல் நிறச் சேலையின் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் ரோல்ஸ் பலகாரத் தட்டை மேசையில் வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்த காலத்தில் பெற்றோர் தினத்துக்கு உடுத்த சேலையாம். நான் மடிக்கணினியை டிவியோடு இணைத்துக்கொண்டிருந்தேன்.

திருமணமாகி ஓக்லாந்துக்கு வந்தபின், இங்கே ஆசிரியராகப் பதிவதற்கு அவர் ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. நாங்கள் வேலைக்குப் போனபின் அம்மா அப்பாவோடு அந்த வீட்டில்தான் இருப்பார். அப்போதுதான் போனில் அந்தக் கப்பல் விளையாட்டைத் தொடங்கினார். அதை ஆடுபவர்தான் கப்டன். கப்டனுக்கு முகம் கிடையாது. மாலுமிகள் திரையிலிருந்து நேரே நம்மைப் பார்த்துப் பேசுவார்கள்; என்ன செய்யலாம் கப்டன் என்று கேட்பார்கள். மலேசியா, பிலிப்பைன்ஸ், பிரேசில் என்று பல ஊர்க்காரர்கள் சேர்ந்த ஒரு கூட்டணிக்கு அவர் தலைவியாகவும் ஆனார். எந்தக் கப்பல் முன்னே போவது, எது பின்னால் காத்திருப்பது என்று அவர்தான் முடிவு செய்வார். பரீட்சையில் ஆங்கிலம் பேசப் பயந்தவர், சொன்னதைக் கேட்காத ஒரு பிரேசில்காரனை ஆங்கிலத்தில் அதட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். நானும் அந்தக் கூட்டணியில் சேர்ந்தேன். என்னையும் அதட்டினார்.

அவர் அங்கே தலைவி என்பது வீட்டில் என்னைத் தவிர எவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள எவரும் விரும்பவும் இல்லை. அண்ணா வேலையால் வந்ததும், "என்ன, பொம்மையளுக்குச் சோறு தீத்தியாச்சோ?" என்பார். அம்மா குரலைத் தாழ்த்தாமலே, "பிள்ளை பெத்து வளக்கிற வயசில போனை வளக்குது" என்பார். மச்சாள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போவார்.

அந்த விளையாட்டை ஜப்பானில் அனிமே என்கிற கார்ட்டூன் தொடராக எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது அவருக்கு இருந்த சந்தோஷத்தை எழுத எனக்கு வராது. "விளையாட்டெண்டா அவைக்கு விளங்காது மச்சாள். கதையாப் பாத்தா விளங்கும்," என்றார். "அந்தக் கிழவியின்ரை கதையைப் பாத்து மாமி அழாட்டிக் கேளும்."

கிழவி என்றது கப்பலின் வழிகாட்டியை. புருஷனையும் மகன்களையும் ஒரே புயலில் இழந்து, பார்வையும் போய், முகத்தில் படும் காற்றை வைத்தே திசை சொல்பவள். சண்டைக்கு உதவாதவள் என்று பெரும்பாலானவர்கள் அவளைக் கரையிலேயே விட்டுவிடுவார்கள். பொறுமையாகப் பயணங்களில் கூட்டிக்கொண்டு போனால்தான் தன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வாள். மச்சாள் அதை முழுவதும் கேட்டிருந்தார். என் அம்மாவின் தம்பியும் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். வீட்டில் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. மச்சாள் அதை மனதில் வைத்துத்தான் எல்லோரையும் அன்று டிவிக்கு முன்னால் இருத்தினார்.

மென்பொருளில் பிழை தேடுவது என் தொழில். தொடர் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மனம் பிழைகளை வரிசைப்படுத்திக்கொண்டது. ஒன்று, கப்டனுக்கு முகம் வந்திருந்தது. எதற்கெடுத்தாலும் வாயைப் பிளக்கும் ஒரு பள்ளிக்கூடப் பையனின் முகம். இரண்டு, கிழவி இல்லை. அவளுடைய பெயரில் வந்த ஓர் இளம்பெண், கண் தெரியாததால் தூண்களில் முட்டி விழுந்து சிரிப்புக் காட்டினாள். மூன்று, புயல். தொடக்கப் பாட்டோடு வந்து பாட்டோடு போய்விட்டது. மிச்ச நேரத்தில் பெரும்பகுதி, பெண் மாலுமிகள் வெந்நீர் ஊற்றில் குளித்தார்கள். அப்பா கார் டயரைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து போனார்.

"இதில ஆர் நீர்? இந்தப் பெடியனோ?" என்று அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார்.

அம்மா உண்மையாகவே தேடினார். "எங்கை பிள்ளை, நீ சொன்ன அந்தக் கிழவி?"

"அடுத்த கிழமை வருவா போல, மாமி."

திரையில் மறுபடியும் குளியல். அம்மா மருமகளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். "இதுக்கோ பிள்ளை சீலை உடுத்தனீ?"

"ஓம் மாமி," என்றார் மச்சாள். "ரோல்ஸ் ஆறுது, எடுங்கோ."

கடைசியில், இப்போதே விளையாட்டில் சேர்பவர்களுக்கு இலவசப் பரிசு என்று ஓர் அறிவிப்பு வந்தது. அவர்கள் எடுத்தது விளம்பரம். கதை என்று நம்பியது நாங்கள். இணையத்தில் ரசிகர்கள் ஓவியம் மோசம், வேகம் மோசம் என்று சண்டை பிடித்தார்கள். ஓவியம் மோசமாக இருந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். முகமில்லாத அந்த இடத்தில் ஆடிய ஒவ்வொருவரும் தன்னை வைத்திருந்தார். அவ்வளவு பேரையும் தள்ளிவிட்டு அங்கே ஒரு பையனை உட்கார வைக்க, யாரோ ஒருவர் ஒரு கூட்டத்தில் தலையாட்டியிருப்பார். அதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

சில வாரங்களில் விளையாட்டையும் தொடருக்கு ஏற்றபடி மாற்றினார்கள். மச்சாள் சமையலறையில் போனை என்னிடம் நீட்டினார். கப்பலின் மேல்தளத்தில் அந்தப் பையன் நின்றான். மாலுமிகள் எல்லோரும் அவனைப் பார்த்துத் திரும்பியிருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்தது அவர்களுடைய முதுகு.

"பாரும் மச்சாள், என்னை இறக்கிப்போட்டாங்கள்," என்றார். குரலில் கோபம் இல்லை. பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தியிடம் கூட்டணியை ஒப்படைத்துவிட்டு, அன்றே விளையாட்டைப் போனிலிருந்து அழித்துவிட்டார்.

இப்போது அவர் ஹென்டர்சன் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா பெருமையாகச் சொல்வார்: "முந்தி எந்நேரமும் போன். நல்லகாலம், தானாவே விட்டிட்டுது பிள்ளை." அம்மா மனதாரப் பாராட்டுகிறார் என்பதுதான் எனக்குக் கசக்கிறது.

போன மாதம் சாப்பாட்டு மேசையில் பேச்சு எங்கெங்கோ போய்ப் புயலில் வந்து நின்றது. அம்மாவிடம் அந்தக் கிழவியின் கதையை நானாவது சொல்லிவிடுவோம் என்று தொடங்கினேன். கண் தெரியாதவள், கப்பலில் வழி சொல்பவள் என்பதற்குள் அம்மா கையை அசைத்தார்.

"ஓ, அந்தத் தூணிலை முட்டுற பெட்டைதானே?" என்று வாய்விட்டுச் சிரித்தார், தம்பியைக் கடலுக்குப் பறிகொடுத்த என் அம்மா. மச்சாளும் கூடச் சிரித்துவிட்டு, அம்மாவின் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.