கயிற்றுப் பெரட்டு

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சுடுகாட்டை ஒட்டிய நிரையில், விடியுமுன் தனியாகப் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுத்தவன். நீங்கள் நம்பமாட்டீர்கள், பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில் ஆயர் தாவார் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தை அழித்துச் செம்பனை நட்டார்கள், என் வேலை போனது. லுமுட் துறைமுகத்தில் ஒரு படகில் சேர்ந்தேன். பவளப்பாறைகளை ஆராய வந்த குழு அந்தப் படகை வாடகைக்கு எடுத்திருந்தது. தலைவர் ஈப்போக்காரர், நம்மவர்தான், டாக்டர் என்று கூப்பிடுவோம். காலையில் காற்றுச் சிலிண்டர்களை ஏற்றுவது, பாறைமேல் அளவுநாடா விரித்துப் பவளங்களை எண்ணுவது, மத்தியானம் சோறும் நெத்திலிச் சம்பலும், மறுபடி எண்ணுவது, தினமும் இதே கதைதான். என் தங்கச்சி புருஷன் செல்வத்தையும் நான்தான் அங்கே சேர்த்துவிட்டேன். தங்கச்சிக்கு அப்போது ஏழு மாதம்.

தண்ணீர் கலங்கல் என்பதால், முங்குகிற செல்வத்தின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைப் படகில் நான் பிடித்திருப்பேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் ஒரு இழுப்பு இழுத்தால் அவனும் ஒன்று இழுக்கவேண்டும். தோட்டத்தில் விடிகாலையில் பேர் கூப்பிடுவார்களே, குரல் கொடுத்தவனை அன்றைக்கு வேலைக்கு எடுத்துக்கொள்வார்களே, பெரட்டு, அந்தப் பெயரையே இதற்கும் வைத்திருந்தோம்.

அன்றைக்கு உச்சி வெயில். "மச்சான், பெரட்டுல தூங்கிறாதீங்க லா," என்று சிரித்துக்கொண்டே இறங்கினான். டாக்டரும் இறங்கினார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்தேன், ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. அரைமணியில் டாக்டர் மட்டும் மேலே வந்தார்.

"செல்வம் வந்துட்டானா? கீழ ஆளக் காணோம்."

கயிற்றை இழுத்தேன். ஒன்று திரும்பி வந்தது.

"இருக்கான் டாக்டர், பதில் குடுக்கிறான்ல. வந்துருவான்."

இன்னும் இரண்டு முறை இழுத்தேன், இரண்டு முறையும் பதில் வந்தது. டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. வேறு சிலிண்டரை மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடியே இறங்கினார்.

செல்வத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூச்சில்லை. காலில் பழைய மீன்வலை சுற்றியிருந்தது, இடுப்பில் கயிறு இல்லை.

"கயிறு எங்கயோ சிக்கியிருக்கும், அவுத்துப் பவளத்துல கட்டிட்டுப் போயிருக்கான். அந்தப் பக்கம் வலையில மாட்டி, வாயில இருந்த காத்துக்குழாய் கழண்டு கெடந்தான். பாருங்க, சிலிண்டர்ல முக்கால்வாசிக் காத்து அப்படியே இருக்கு. இறங்கின கொஞ்ச நேரத்துலயே போயிட்டான்."

அப்படியானால் எனக்குப் பதில் கொடுத்தது யார்? அலை ஆட்டியிருக்கும் என்பீர்கள். நான் இழுத்தால் மட்டும், சரியாக ஒரே ஒரு தடவை ஆட்டுகிற அலையை நான் பார்த்ததில்லை. பதில் வராமல் இருந்திருந்தால் ஆரம்பத்திலேயே கத்தியிருப்பேன், அவன் பிழைத்திருப்பான். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

இவ்வளவையும் தங்கச்சியிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். சொல்லாதது ஒன்றுதான்.

செல்வத்தைச் சாரத்துணியால் மூடிக்கொண்டிருந்தோம். கயிறு இன்னும் என் இடது கையில் இருந்தது. நான் இழுக்கவே இல்லை. கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தது, பேர் கூப்பிடுகிற மாதிரி.

பழக்க தோஷம். யோசிப்பதற்குள் நானும் ஒன்று இழுத்துவிட்டேன்.