பிறைக்குப் பிந்திய பூ

மடவளையில் றலியாவின் வீட்டுக் கிணற்றடிக்குக் கீழே எந்நேரமும் நீர் கசியும் ஒரு துண்டு நிலம் இருந்தது. கத்தரி வைத்தாள், அழுகிற்று. மிளகாய் வைத்தாள், அதுவும் போயிற்று. அவள் கல்யாணமான ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தாறில், அம்பிட்டியில் வாழ்க்கைப்பட்ட அக்காள் றமீஸா சில கிழங்குத் துண்டுகளைக் கொண்டுவந்தாள்.

"இது இஞ்சியில்ல, பூவுக்கு வைக்கிற. சேத்துல போட்டுட்டு மறந்துடு" என்றாள்.

மறக்கிற பெண்ணா இவள்? விடிந்ததும் அங்கேதான் நிற்பாள். கிழங்கு சேற்றுக்குள்ளேயே பரவிற்று. மழைக்காலம் முழுக்க வெறும் இலைதான். மற்றச் செடிகளெல்லாம் பூத்து ஓய்ந்தபின், ஒக்டோபர் பிறந்த ஒரு மாலை, மூடுபனிக்குள்ளே வெள்ளை வெளேரென்று பூ விரிந்தது. வாசம் வீட்டுக்குள் வந்து, உட்கார ஆளில்லாத கதிரையைச் சுற்றிச் சுற்றி நின்றது.

அந்தக் கதிரைக்கு உரியவர் அவள் புருஷன் சாஹுல் ஹமீது. ஹேவாஹெட்டக் கடைவீதியில் ஒரு புடைவைக் கடையில் வேலை. முதலாளி லீவு விடுவது இரண்டு பெருநாளுக்கும் நபிகள் பிறந்தநாள் மவ்லூதுக்கும் மட்டும். அந்த வருசம் மவ்லூது முடிந்து அவர் பஸ் ஏறிய மறுவாரம் பூத்துத் தொலைத்தது அது!

அடுத்த வருசம் பார்ப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அங்கேதான் கணக்குப் பிசகியது. பிறை பார்த்து வரும் மவ்லூது வருசா வருசம் முந்திக்கொண்டே போகும், பூவோ தன் மாதத்தை விட்டு அசையாது. அடுத்த மவ்லூதுக்கு மொட்டுக்கூட இல்லை. அதற்கடுத்ததற்குத் தண்டே முழுதாக எழவில்லை.

அவர் ஒரே ஒரு தடவை இதைப் பார்த்துவிட வேண்டும். அவளுக்கு வேறொரு ஆசையும் இல்லை. ஆட்டெரு போட்டாள், மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினாள். செடி வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டாரிடம் அவளுக்குத் திட்டு வாங்கித் தந்ததே தவிர முந்திப் பூக்கவில்லை. ஒரு வருசம் வாழையிலையில் பொதிந்து பஸ்காரரிடம் கொடுத்தனுப்பினாள். பூ கறுத்துப்போய்ச் சேர்ந்தது.

"வாழையெல மட்டும் நல்லா இருந்திச்சி" என்றார் அவர், அடுத்த லீவில். அவள் சிரிக்கவில்லை.

பூக்காலத்து மாலைகளில் கிணற்றுக் கல்லில் உட்கார்ந்திருப்பாள். பனிக்குள்ளே வெள்ளைச் சாரம் உடுத்து அவர் குனிந்து பூவை முகர்வதுபோல இருக்கும். எழுந்து போனால் பூ மட்டும் நிற்கும்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தோராம் வருசம், தானே போவதென்று ஒற்றைக் காலில் நின்றாள். "பொம்பிளப்புள்ள பூவத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போறதா?" என்று உம்மா கேட்டது அவள் காதில் ஏறவில்லை. மொட்டோடு ஒரு கொத்தைச் சேற்றோடு பெயர்த்துத் தகரத்தில் வைத்து, தம்பி றிஸ்வியோடு பஸ் ஏறினாள். மலைவளைவு நெடுக மேகம் யன்னலுக்குள் வந்து போயிற்று. அவள் தகரத்தை மடியிலேயே வைத்திருந்தாள்.

கடைவாசலில் அவர் திகைத்து நின்றார். அவள் தகரத்தை இறக்கவுமில்லை, அதே வாசம் மூக்கில் ஏறியது. மொட்டோ இன்னும் விரியவில்லை. வாசத்தின் பின்னாலேயே கடைக்குள் நுழைந்து கொல்லைப்புறம் போனாள். தண்ணீர் ஓடும் கானோரம் முழுக்க வெள்ளைப் பூ.

"மொத வருசம் தேத்தண்ணிக்கு இஞ்சி கட்டித் தந்தாயே, அதில ஒரு துண்டு கசந்திச்சி. கானுக்குள்ள எறிஞ்சேன்" என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டு.

நட்டது போக மிஞ்சிய கிழங்கை இஞ்சிக் கூடைக்குள் போட்டது அவளேதான்.

"அப்ப ஒவ்வொரு வருசமும் பாத்தீக்கிறீங்க. ஏன் மச்சான் எங்கிட்ட செல்லல்ல?" கோபத்தில் அவள் கண் நிறைந்துவிட்டது.

"எனக்குக் காட்டணும்டு எவ்வளவு ஆசப்பட்டாய். நான் பாத்துட்டேன்டு எப்படிப் புள்ள செல்ற?"

அந்தி சாயும்போது தகரத்து மொட்டு விரிந்தது. கானோரத்துப் பூவையெல்லாம் விட்டுவிட்டு அவர் அந்த ஒன்றின் முன் குந்தி, கண்ணை மூடி முகர்ந்தார்.

"இந்த வாசம் அதுகளுக்கு இல்ல" என்றார்.

பொய்யென்று றலியாவுக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.