அக்கா பேசவிடாத பாத்திரம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அவரை வங்கி அதிகாரியாக அறிவீர்கள். அவர் எழுதிய ஒரே நாடகத்தைப் பற்றியும் நீங்கள் அறிய வேண்டும் என்று தம்பியாகிய நான் விரும்புகிறேன்.

அக்கா காளிகாட்டில், கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் பிறந்தார். தாத்தா காலத்திலேயே கொல்கத்தா வந்த குடும்பம் எங்களுடையது. வாசலைத் தாண்டினால் வங்காளம், தமிழ் வீட்டுக்குள் மட்டும். அப்பா மறைந்தபோது அக்கா கல்லூரியில் கடைசி வருஷம். பட்டம் பெற்ற கையோடு வேலைக்குச் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார். நான் பெங்களூரில் குடியேறினேன். அம்மா பக்கவாதத்தில் படுத்தார். வந்த வரன்களையெல்லாம் அக்கா தட்டிக் கழித்தார். அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் அவருக்குத் தமிழில் பேச ஆள் இல்லை.

அப்போதுதான் நாடகத்தை எழுதினார். மேடையில் ஒரு பெண் மட்டும். அடுத்த வீட்டுக்குக் குடிவந்தவரோடு அவள் சுவர் வழியே பேசுகிறாள். அவர் சொல்வது நமக்குக் கேட்காது. அவள் கேட்பாள், காத்திருப்பாள், திடீரென்று சிரிப்பாள். தமிழ்ச் சங்க விழாவில் நடிக்க வேறு யாரும் கிடைக்காததால் அக்காவே நடித்தார். முடிந்ததும், “அந்தப் பக்கம் நிஜமாவே ஆள் இருக்காரா, அக்கா?” என்று கேட்டேன்.

“இருக்கார். இல்லாட்டா நான் யாரோடடா பேசறேன்?” என்றார்.

அன்று பார்க்க வந்திருந்த வங்காள இயக்குநர் ஒருவர் அதைத் தொலைக்காட்சித் தொடராக்கக் கேட்டார். பேச்சுவார்த்தைக்கு நானும் போயிருந்தேன். அடுத்த வீட்டுக்காரர் பேசவே கூடாது என்றார் அக்கா.

“மேடம், டிவியில ஒருத்தர் மட்டும் பேசிட்டிருந்தா ஜனங்க சேனலை மாத்திடுவாங்க,” என்றார் இயக்குநர்.

அடுத்த வீட்டுக்காரருக்கு முகம் வந்தது, தாடி வந்தது, மனைவியை இழந்த சோகம் வந்தது. கடைசிக் காட்சியில் இருவருக்கும் கல்யாணம். ஏன் சம்மதித்தாய் என்று கோபமாகவே கேட்டேன்.

“வீட்ல தனியா உட்கார்ந்து பார்க்கறவங்க நிறைய இருப்பாங்க. அவங்களுக்குக் கல்யாணம் வேணும்னா நடக்கட்டுமே,” என்றார்.

முதல் பகுதி ஒளிபரப்பான அன்று அக்கம்பக்கத்தார் இனிப்போடு வந்து வாழ்த்தினார்கள். அவர்கள் போன பிறகு, “அந்த மனுஷன் ரொம்பப் பேசறான்,” என்றார் அக்கா. தொடர் முடியும்வரை அதன்பின் பார்க்கவில்லை.

ஓய்வு பெற்று அக்கா நியூ டவுன் அடுக்ககத்துக்கு மாறிய பிறகு மௌமிதா வந்தார். மேற்கத்திய இசை படித்த வங்காள இளம் பெண். அவர்கள் வழக்கப்படி அக்காவை ‘தீதி’ என்றும், என்னை அண்ணன் என்ற பொருளில் ‘தாதா’ என்றும் அழைப்பார். அக்காவின் நாடகத்தை முழுக்கப் பாடியே நடிக்கும் ஓபராவாக, வங்காளத்தில் ஆக்க விரும்பினார்.

“அவரும் பாடுவாரா?” என்று அக்கா வங்காளத்தில் கேட்டாராம்.

“பாட வேண்டாம், தீதி. அவர் குரலுக்குப் பதிலா செல்லோ, அந்தப் பெரிய வயலின், மட்டும் வைக்கிறேன். ஆனா ஒவ்வொரு பதிலும் எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியணும்.”

“அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும்.”

“அப்ப அவர் சொல்றதைச் சொல்லுங்க.”

அத்தனை வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க மௌமிதா வந்து போனார். “எல்லாத்தையும் சொல்லிட்டேன்டா,” என்று அக்கா ஒருநாள் போனில் சொன்னார். என்ன சொன்னாய் என்றேன். “அவகிட்ட சொல்லியாச்சு. போதும்,” என்று பேச்சை மாற்றினார்.

அரங்கேற்றத்தன்று நான் அக்காவின் பக்கத்தில் இருந்தேன். மேடையில் அந்தப் பெண் பாடி நிறுத்த, செல்லோ தொடங்கும். அப்போதெல்லாம் இருட்டில் அக்காவின் உதடுகள் அசைந்தன. காதை அருகே கொண்டுபோனேன். வாத்தியத்தை மீறி எதுவும் கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் இதயம் பலவீனமடைந்தது. நான் வந்து சேர்ந்தபோது நினைவு தப்பியிருந்தது. இரண்டாம் நாள் அமைதியாகப் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்ததும் மௌமிதாவிடம் கேட்டேன், அடுத்த வீட்டுக்காரர் சொல்வதாக அக்கா என்னதான் சொன்னார் என்று.

“தீதி அதையெல்லாம் தமிழ்லதான் சொன்னாங்க, தாதா. வங்காளத்துல சொல்ல வரலேன்னாங்க. எனக்கு ஒரு வார்த்தை புரியல. ரெக்கார்ட் பண்ணவும் விடல. குரல் எங்க ஏறுது, எங்க இறங்குதுன்னு மட்டும் ஸ்வரமா எழுதிக்கிட்டேன். அதுதான் செல்லோ வாசிச்சது.”

அக்காவை மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, நான் வரும்வரை உடனிருந்த கீழ்வீட்டு அம்மாள் மாஷிமாவுக்கும் அவர் மகனுக்கும், கைவிடாமல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், வங்கி நண்பர்களுக்கும், தொலைவிலிருந்து வந்திருக்கும் உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மௌமிதாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. இன்று சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அந்தச் செல்லோ பகுதிகளை மட்டும் வாசிக்க இசைந்திருக்கிறார். தமிழ் தெரிந்தவர்கள் கேட்டால் ஒரு சொல்லாவது பிடிபடலாம் என்று நம்புகிறார். அருள்கூர்ந்து இருந்து கேளுங்கள். நான் பலமுறை கேட்டுவிட்டேன். எனக்குப் பிடிபடவில்லை.