தொண்டைக்கு இருபத்தைந்து நிமிடம்

முட்டைக்காரி என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்ததே கட்டிய புருஷன்தான். முட்டை குடோனில் பதினெட்டு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. விளக்குக்கு நேரே ஒவ்வொரு முட்டையாகப் பிடித்து, விரிசலும் ரத்தப் பொட்டும் பார்த்துப் பிரிக்க வேண்டும். அவன் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். மைக்கில் "பயணிகளின் அன்பான கவனத்திற்கு" என்று குழைவான். வீட்டில் அந்த அன்பும் கிடையாது, மைக்கும் தேவைப்படாது. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் மூன்று வீட்டுக்குத் தெரியும். அவள் அம்மா செத்த சேதி வந்த அன்று, சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்து, "அழுது முடிச்சதும் என் சட்டைய இஸ்திரி போட்டு வை" என்றான். பக்கத்து வீட்டுக்காரி அங்கிருந்தே உச்சுக் கொட்டினாள். அது இவளை இன்னும் கூனிக் குறுக வைத்தது.

பிறகு அவன் தொண்டையில் புற்றுநோய் வந்தது. கழுத்திலிருந்த நிணநீர்க் கட்டிகளை வெட்டி எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்தார்கள். நோய் போயிற்று. ஆனால் நிணநீர் வடிய வழியில்லாமல் தேங்கி, தாடைக்குக் கீழே பொதபொதவென்று வீங்கியது. உள்ளேயும் வீக்கம். தண்ணீர் குடித்தால் புரையேறியது, பேசினால் வெறும் காற்று வந்தது. தோள் பழுதாகி, கையும் நெஞ்சுக்கு மேலே எழவில்லை. சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டினான்.

மருத்துவமனையில் ஒரு தெரபிஸ்ட் பெண் அவளுக்கு மசாஜ் சொல்லிக்கொடுத்தாள்.

"முதல்ல கழுத்தடியில, எலும்புக்கு மேல இருக்கிற குழி. அப்புறம் அக்குள். நீர் போற வழிய திறந்துட்டு, கடைசியிலதான் கழுத்தும் தாடையும். எண்ணெய் வேண்டாம், அழுத்தவே கூடாதுக்கா. தோல் மட்டும் நகரணும். தினமும் காலையில இருபத்தஞ்சு நிமிஷம்."

முட்டைக்காரி அதேபோல் செய்து காட்டினாள். அந்தப் பெண் அசந்துபோனாள். "முதல் தடவையே யாரும் இவ்வளவு பதமா செஞ்சதில்ல. என்ன வேலை பாக்குறீங்க?"

"முட்டை குடோன்ல."

மூன்றே வாரத்தில் வீக்கம் பாதி வடிந்தது. கழுத்து திரும்பியது, புரையேறாமல் தண்ணீர் இறங்கியது. அவளுக்கே பெருமையாக இருந்தது. ஐந்தாம் வாரம் ஒரு காலையில், அவள் கையை எடுத்ததும் அவன் வாயிலிருந்து கரகரவென்று குரல் வந்தது.

"ஏய். விரல்ல முட்டை நாத்தம். கழுவிட்டு வரமாட்டியா?"

நான்கு மாதம் கழித்து அவன் பேசிய முதல் பேச்சு அது. அந்த நான்கு மாதமும் வீட்டில் தான் எவ்வளவு நிம்மதியாக இருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாளிலிருந்து இருபத்தைந்து நிமிடம் பதினைந்தாயிற்று. பதினைந்து நிமிடம் செய்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், பேச்சு வெளியே வராது. நாலைந்து நாளில் அந்தக் கணக்கு அவள் விரலுக்குப் பிடிபட்டுவிட்டது. பாவம் என்று தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தாள், சந்தோஷமாகவே செய்தாள்.

காலம் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துப் பிழைத்தவன் கண்டுபிடிக்காமல் இருப்பானா? சிலேட்டில் எழுதினான்: '25 நிமிஷம். நீ 15தான் செய்யுற. ஆஸ்பத்திரியில சொல்றேன்.'

"சொல்லுங்களேன்" என்று ஈரத் துணியால் அதைத் துடைத்தாள். பிறகு பத்து விரலையும் அவன் தொண்டைமேல் வைத்தாள். அழுத்தவில்லை, நகர்த்தவும் இல்லை. சும்மா வைத்துக்கொண்டே நின்றாள். அவன் நெற்றியில் வியர்வை பொடித்தது.

அடுத்த வாரம் தெரபிஸ்ட் பெண் அவன் கழுத்தை டேப் வைத்து அளந்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"இந்நேரம் இன்னும் ரெண்டு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கணுமே. சார், அக்கா தினமும் முழுசா செய்யுறாங்களா? இல்லன்னா சொல்லுங்க, நான் வீட்டுக்கு ஆள் அனுப்புறேன்."

ஆள் வந்தால் குரல் வந்துவிடும். முட்டைக்காரி கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். அவன் சிலேட்டை எடுத்தான். அந்தக் கைகளைப் பார்த்தான். நிறுத்தி நிறுத்தி எழுதினான்.

அந்தப் பெண் அதை வாங்கிச் சத்தமாகப் படித்தாள். "'நல்லா செய்யுறா. ஒரு குறையும் இல்ல.' பாருங்கக்கா, சார் சர்டிபிகேட்டே குடுத்துட்டாரு."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவளைப் பற்றி அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை. பயத்தில் எழுதியது என்று அவளுக்குத் தெரியும். மனசு குளிர்ந்துபோயிற்று.

மறுநாள் காலையில் பன்னிரண்டு நிமிடத்திலேயே கையை எடுத்துவிட்டாள். தண்ணீர் குடிக்கும்போது அவனுக்குப் புரையேறியது. அவள் அடுப்படியில் நின்றபடி, அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.